டயர் பஞ்சரானால் தனியாளாக மாற்ற முடியுமா?

நீங்கள் கேட்டது இதுதான்: கார் ஓட்டக் கற்று நான்கைந்து மாதம் ஆகிறது, இதுவரை ஒரு டயர்கூட மாற்றியதில்லை, வீட்டில் ஒருநாள் முயன்று பார்த்தபோது நட்டு அசையவே இல்லை, நடுவழியில் தனியாக இருக்கும்போது பஞ்சரானால் என்னால் மாற்ற முடியுமா, அதற்கு அவ்வளவு வலு வேண்டுமா?

முடியும். வலு பெரிதாக வேண்டியதில்லை, வரிசைதான் வேண்டும். எந்த வேலையை டயர் தரையில் இருக்கும்போது செய்வது, எதை அது அந்தரத்தில் இருக்கும்போது செய்வது என்பது மனதில் பதிந்துவிட்டால் மீதியைக் கை தானாகக் கற்றுக்கொள்ளும். நட்டை முதலில் தளர்த்துவது தரையில், கடைசியாக இறுக்குவதும் தரையில், நடுவில் கழற்றி மாட்டுகிற கொஞ்ச நேரம் மட்டும்தான் கார் ஜாக்கி மேல் நிற்க வேண்டும்.

இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓட்டப் பழகிய புதிதில் ஒருமுறை லேசான சரிவில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல்லும் வைக்காமல், நேராக ஜாக்கியைப் போட்டு ஏற்றிவிட்டேன். அப்புறம் அந்தரத்தில் இருந்த வீலில் ஸ்பேனரை மாட்டி இழுத்தால் நட்டு கழலவில்லை, வீல்தான் சுற்றியது. இன்னும் ஓங்கி இழுத்தேன். கார் முன்னால் நகர்ந்தது, ஜாக்கி மெதுவாகச் சாய்ந்தது, அடுத்த நொடி வண்டி தடாலென்று கீழே உட்கார்ந்துவிட்டது. என் கால் ஒரு சாண் தள்ளி இருந்தது, அவ்வளவுதான். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று நான் செய்த தவறுகள் மூன்று: சரிவில் நிறுத்தியது, சக்கரத்தை அடைக்காதது, நட்டை மேலே ஏற்றிய பிறகு தளர்த்தப் பார்த்தது. மூன்றுமே வரிசைத் தவறுகள்தான். வலு எனக்கு நிறையவே இருந்தது, அதுதான் காரைத் தள்ளியும் விட்டது.

சரி, முதலிலிருந்து வருவோம். ஓடிக்கொண்டிருக்கும்போது டயரில் காற்று இறங்கினால் ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கும், அல்லது பின்பக்கம் ஆட ஆரம்பிக்கும், தபதபவென்று ஒரு சத்தம் வரும். உடனே பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள், வண்டி தானாக வேகம் குறையட்டும். அப்புறம் நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாக மின்னவிட்டு, நிறுத்த இடம் தேடுங்கள்.

இடம் தேடுவதில் பலரும் செய்கிற தவறு, டயரையும் ரிம்மையும் காப்பாற்ற நினைத்து நின்ற இடத்திலேயே நின்றுவிடுவது. வளைவு, பாலம், மேட்டின் மறுபக்கம் போன்ற இடங்களில் நிற்கவே கூடாது, பின்னால் வருகிறவருக்கு நீங்கள் கடைசி நொடியில்தான் தெரிவீர்கள். காற்றில்லாத டயரோடு நடை வேகத்தில் இன்னும் 200, 300 மீட்டர் உருட்டிப் போனால் டயர் வீணாகலாம், ரிம் நெளியலாம். போகட்டும், அவை வாங்கக் கூடியவை. சமதரையாக, கெட்டியாக, சாலையை விட்டு முடிந்தவரை ஒதுங்கி இருக்கிற இடம் கிடைக்கும்வரை உருட்டுங்கள். மணல், புல், மழையில் ஊறிய மண் எதிலும் ஜாக்கி நிற்காது, அமிழ்ந்துவிடும்.

அதிவேகச் சாலையின் ஓரத்தில் மாட்டிக்கொண்டு, பஞ்சரான டயரும் வண்டிகள் பாய்ந்து போகிற பக்கத்தில் இருந்தால் நீங்களே மாற்ற வேண்டாம். வண்டியை விட்டு இறங்கி, தடுப்புக்கு அந்தப்பக்கம் போய் நின்றுகொண்டு உதவிக்குக் கூப்பிடுங்கள். குனிந்து நட்டோடு மல்லாடும்போது முதுகு சாலையைப் பார்த்திருக்கும், வருகிற வண்டியை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். பல வருடமாக டயர் மாற்றுகிற நானும் அந்த இடத்தில் மாற்ற மாட்டேன்.

நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுங்கள், கியர் வண்டியென்றால் முதல் கியரிலோ ரிவர்ஸிலோ போடுங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில். இஞ்சினை அணைத்துவிட்டு, உள்ளே இருக்கிற எல்லோரையும் இறக்கி ஓரமாக நிற்கச் சொல்லுங்கள். குழந்தை தூங்குகிறது, இருக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். ஜாக்கி மேல் நிற்கிற காரில் உள்ளே ஒருவர் புரண்டு படுத்தால்கூட வண்டி அசையும். எச்சரிக்கை முக்கோணம் இருந்தால் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வையுங்கள், வேகமான சாலையில் இன்னும் தள்ளி.

அடுத்து சக்கரத்தை அடைப்பது. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ஹேண்ட் பிரேக் போட்டாச்சு, கியரிலும் போட்டாச்சு, இனி வண்டி எங்கே போகும் என்று தோன்றும். ஆனால் பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். கியரோ, இஞ்சினால் ஓடுகிற சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும், அதுவும் அந்த ஜோடி இரண்டுமே தரையில் இருந்தால்தான். முன்சக்கரத்தால் ஓடுகிற காரில் ஒரு முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டீர்கள் என்றால், நடுவில் இருக்கிற டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிவிடுகிற பல்சக்கர அமைப்பு) வழியாக, அந்தரத்தில் இருக்கிற சக்கரம் ஒரு திசையில் சுற்ற, தரையில் இருக்கிற சக்கரம் எதிர்த்திசையில் தாராளமாக உருளலாம். கியர் போட்டதற்குப் பலனே இல்லை, மிஞ்சியது ஹேண்ட் பிரேக் மட்டும். பின்சக்கரத்தால் ஓடுகிற காரில் பின்சக்கரத்தைத் தூக்கினால் இன்னும் மோசம்: கியரை நம்ப முடியாது, ஹேண்ட் பிரேக்கும் தரையில் மிச்சமிருக்கிற ஒரே பின்சக்கரத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் எந்தச் சக்கரத்தைத் தூக்குகிறீர்களோ அதற்கு மூலைவிட்டத்தில் எதிரே இருக்கிற சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு நல்ல கல்லையோ மரக்கட்டையையோ வைத்து அடையுங்கள். சும்மா வைத்தால் போதாது, டயருக்கும் தரைக்கும் நடுவே ஆப்பு மாதிரி காலால் தள்ளி நெருக்குங்கள்.

இப்போது டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர் மூன்றையும் வெளியே எடுங்கள். சில கார்களில் ஸ்டெப்னி டிக்கிக்குள் இருக்காது, வண்டிக்கு அடியில் கம்பியில் தொங்கும். டிக்கித் தரையிலோ பின்பம்பருக்கு அருகிலோ ஒரு துளை இருக்கும், அதில் கம்பியை விட்டுச் சுற்றினால் இறங்கி வரும். ஸ்டெப்னி என்று நாம் தினமும் சொல்கிறோமே, அது ஒரு தெருவின் பெயர். வேல்ஸில் லானெல்லி என்கிற ஊரில் ஸ்டெப்னி தெருவில் 1904 வாக்கில் டேவிஸ் சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் தயாரித்து விற்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் கார்கள் மாற்றுச் சக்கரமே இல்லாமல்தான் வந்தன, டயர் போனால் வழியிலேயே உட்கார்ந்து கழற்றி ஒட்ட வேண்டியதுதான். அவர்களுடைய சக்கரத்தில் ஆரக்கால் கிடையாது, காற்றடித்த டயரோடு ஒரு வளையம். பஞ்சரான வீல் மேலேயே கவ்விப் பிடிக்கிற மாதிரி மாட்டிக்கொண்டு போவார்கள். அந்தத் தெருப் பெயர் நம் வாயில் தங்கிவிட்டது, எனக்குப் பிடித்த விஷயம் என்பதால் சொன்னேன்.

ஸ்டெப்னியை எடுத்ததும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். காற்றில்லாத ஸ்டெப்னி என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு உதவிக்குக் கூப்பிடுவது நல்லது, நட்டெல்லாம் கழற்றிய பிறகு அதைக் கண்டுபிடிப்பது கொடுமை.

இனி நட்டு. வீல் கவர் இருந்தால் விரலாலோ ஸ்பேனரின் தட்டையான முனையாலோ நெம்பி எடுங்கள். அலாய் வீல் என்றால் ஐந்தில் ஒரு நட்டு மட்டும் வேறு மாதிரி இருக்கலாம், திருட்டுக்குப் பயந்து போடுகிற பூட்டு நட்டு அது. அதற்குத் தனியாக ஒரு சிறிய சாவிக் குப்பி இருக்கும், நட்டுக்கும் ஸ்பேனருக்கும் நடுவில் மாட்டுகிற சாக்கெட் அது. அது இல்லாமல் ஒன்றும் நடக்காது. எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள், டிக்கிக்கு அடியிலோ முன்னால் இருக்கிற சின்னப் பெட்டியிலோ இருக்கும்.

நட்டு அசையவில்லை என்றீர்களே, அதற்கு வருகிறேன். ஸ்பேனரை நட்டில் முழு ஆழத்துக்கு உட்காரும்படி மாட்டுங்கள், பாதி மாட்டித் திருகினால் முனை மழுங்கிவிடும். கைப்பிடி உங்களுக்கு இடதுபக்கமாக, தரைக்குப் படுக்கைவசமாக இருக்க வேண்டும். இப்போது கைப்பிடியைக் கீழே அழுத்தினால் நட்டு இடஞ்சுழியாகத் திரும்பும், அதாவது கழலும். கையால் மேல்நோக்கி இழுக்காதீர்கள், முதுகு பிடித்துக்கொள்ளும். கீழ்நோக்கி அழுத்தும்போது உங்கள் உடம்பின் எடையே வேலை செய்துவிடும். கையால் அழுத்திப் போதவில்லை என்றால் காரைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியின் நுனியில் ஒரு காலை வைத்து மெதுவாக எடையை ஏற்றுங்கள். குதிக்க வேண்டாம், ஸ்பேனர் நழுவினால் கணுக்காலில் அடிக்கும்.

கணக்காகவே பார்ப்போம். சாதாரணக் காரின் நட்டை 100 நியூட்டன் மீட்டர் (திருகு விசையை அளக்கிற அலகு) அளவுக்கு இறுக்கியிருப்பார்கள், வண்டியைப் பொறுத்து கொஞ்சம் முன்பின். காரோடு வருகிற ஸ்பேனர் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதன் நுனியில் நீங்கள் 40 கிலோ எடையை வைத்தால் அந்த 100 வந்துவிடும். 50 கிலோ உள்ளவர் ஒரு காலில் முழுவதுமாக ஏறி நின்றால் 125. துருப்பிடித்த நட்டுக்கும், மிஷினால் கண்மண் தெரியாமல் இறுக்கிவிட்ட நட்டுக்கும் இது போதாமல் போகலாம். அப்போது அதே ஸ்பேனரில் ஒரு இரும்புக் குழாயைச் சொருகி நீளத்தை 50 சென்டிமீட்டர் ஆக்கினால் அதே எடைக்கு 250 கிடைத்துவிடும், அதற்கு அசையாத நட்டு அபூர்வம். என் தங்கை என்னைவிட இருபது கிலோ குறைவு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தும் வராத நட்டை அவள் குழாயைச் சொருகி, நுனியில் பாதத்தை வைத்து, வாசல்படி ஏறுவது போல நிதானமாக ஏறி நின்றாள். கிரீச் என்று ஒரு சத்தம், ஸ்பேனர் மெல்ல கீழே இறங்கியது. அன்றிலிருந்து என் டிக்கியில் அந்தக் குழாய் நிரந்தரமாக இருக்கிறது.

ஒவ்வொரு நட்டையும் அரைச் சுற்று முதல் ஒரு சுற்று வரை தளர்த்தினால் போதும். கழற்றி எடுத்துவிடாதீர்கள், கார் இன்னும் அந்த வீல் மேல்தான் நிற்கிறது.

ஜாக்கி வைக்கிற இடம் முக்கியம். கதவுக்குக் கீழே, வண்டியின் நீளவாக்கில், தகடு கீழ்நோக்கி மடிந்த ஒரு விளிம்பு ஓடும். முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் அந்த விளிம்பில் தலா இரண்டு வெட்டுக் குறிகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், கையை விட்டுத் தடவினாலே தெரியும். மாற்றப் போகிற சக்கரத்துக்கு அருகில் உள்ள அந்த இரண்டு குறிக்கும் நடுவில்தான் ஜாக்கியின் தலை உட்கார வேண்டும், அந்தத் தலையில் உள்ள பள்ளத்தில் விளிம்பு பொருந்த வேண்டும். வேறெங்காவது வைத்தால் தகடு நசுங்கும், வண்டி சரியும். மின்சாரக் கார் என்றால் இரட்டிப்புக் கவனம் தேவை: தரை முழுக்க பேட்டரி, குறித்த இடம் தவிர எங்கேயும் ஜாக்கி படவே கூடாது. தரை கொஞ்சம் மென்மையாகத் தெரிந்தால் ஜாக்கிக்கு அடியில் தட்டையான ஒரு பலகைத் துண்டு.

ஜாக்கியைக் கையாலேயே திருகி விளிம்பைத் தொடும்வரை கொண்டுவந்து, நேராக நிற்கிறதா என்று பின்னால் தள்ளி நின்று பாருங்கள். அப்புறம் கம்பியை மாட்டிச் சுற்றுங்கள். ஏறும்போது ஜாக்கி ஒரு பக்கம் சாய்வது போலத் தெரிந்தால் தயங்காமல் இறக்கி மறுபடி வையுங்கள். டயர் தரையை விட்டதும் நிறுத்திவிடாதீர்கள். காற்றில்லாத டயர் சப்பையாக இருக்கும், ஸ்டெப்னி உப்பி இருக்கும், இந்த டயர் தரையை விட்ட உயரம் அதற்குப் போதாது. இன்னும் நான்கைந்து சென்டிமீட்டர் ஏற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

இந்த நேரம் முழுவதும் ஒரே ஒரு விதி: உடம்பின் எந்தப் பாகமும் காருக்கு அடியில் போகக் கூடாது, உருண்டு போன நட்டை எடுக்கக்கூட. காரோடு வருகிற ஜாக்கி சக்கரம் மாற்ற மட்டும்தான், அடியில் படுத்து வேலை பார்க்க அல்ல. ஸ்டெப்னியை ஜாக்கிக்குப் பக்கத்தில், கதவுக்குக் கீழே காருக்கு அடியில் படுக்கவைத்துத் தள்ளிவிடுங்கள். ஒருவேளை ஜாக்கி சாய்ந்தால் வண்டி அதன் மேல் உட்காரும், தரையில் மோதாது. பழைய வீலைக் கழற்றியதும் அதை இதே இடத்தில் தள்ளிவிட்டு ஸ்டெப்னியை வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நொடி வேலை, எனக்கு அன்று இது தெரிந்திருந்தால் அவ்வளவு நடுங்கியிருக்க மாட்டேன்.

நட்டுகளைக் கழற்றி ஒரே இடத்தில், கழற்றிய வீல் கவருக்குள்ளோ ஒரு துணி மேலோ வையுங்கள். மேலே இருக்கிற நட்டைக் கடைசியாகக் கழற்றினால் வீல் திடீரென்று சாயாது. எல்லாம் கழற்றியும் வீல் வரவில்லையா? பயப்படாதீர்கள், அது அடிக்கடி நடப்பதுதான். அலாய் வீலின் நடுத்துளை இரும்பு ஹப்போடு, அதாவது வீலை மாட்டுகிற நடுப்பாகத்தோடு, துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். உட்கார்ந்துகொண்டு, குதிகாலால் டயரின் பக்கவாட்டில் ஒருமுறை இடதுபக்கம், ஒருமுறை வலதுபக்கம் என்று மாற்றி மாற்றித் தட்டுங்கள், ரிம்மில் அடிக்க வேண்டாம், ரப்பரில்தான். அதற்கும் அசையாவிட்டால் நட்டுகளை இரண்டு மூன்று மரை மட்டும் ஏறும்படி கையால் மாட்டிவிட்டு, காரைத் தரையில் இறக்கி, கதவருகே நின்று வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், பட்டென்று விடும். ஜாக்கி மேல் நிற்கும்போது ஓங்கி உதைப்பது மட்டும் கூடவே கூடாது.

வீல் வந்ததும் ஹப்பின் முகத்தைப் பாருங்கள். நடுவில் வட்டமாகத் துரு படிந்து, செதில் செதிலாக எழும்பி இருக்கும். ஒரு துணியாலோ காய்ந்த குச்சியாலோ அதைச் சுரண்டி விடுங்கள். புது வீல் இந்த முகத்தில்தான் தட்டையாக ஒட்டி உட்கார வேண்டும், நடுவில் ஒரு செதில் துரு மாட்டிக்கொண்டால் கொஞ்ச தூரம் ஓடியதும் அது நொறுங்கி, நீங்கள் இறுக்கிய நட்டு தானாகத் தளர்ந்துவிடும். மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். வழுக்கலான மரையில் அதே அழுத்தத்துக்கு நட்டு அளவுக்கு மீறி ஏறிவிடும், போல்ட் இழுபட்டு நீளும்.

ஸ்டெப்னியைத் தூக்கி மாட்டுவதில்தான் பலருக்கு முதுகு போகிறது. முழு அளவு ஸ்டெப்னி 15 முதல் 20 கிலோ வரை இருக்கும், அதைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு துளையைப் பொருத்துவது தண்டனை. தூக்கவே வேண்டாம். உருட்டிக்கொண்டு வந்து ஹப்புக்கு எதிரே நிறுத்துங்கள், காற்று வால்வு வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். எவ்வளவு உயரம் குறைகிறது என்று பார்த்து ஜாக்கியைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ, டயர் தரையில் இருந்தபடியே துளையும் போல்ட்டும் ஏறக்குறைய நேருக்கு நேர் வரும்படி செய்யுங்கள். தரையில் உட்கார்ந்து ஷூ முனையை டயருக்கு அடியில் கொடுத்து லேசாக நெம்பினால் வீல் தானாக உள்ளே போய் உட்காரும். ஹப்பில் போல்ட் நீட்டிக்கொண்டிருக்கிற கார்களில் இது சுலபம். சில ஐரோப்பியக் கார்களில் ஹப்பில் வெறும் துளைதான் இருக்கும், வெளியிலிருந்து போல்ட்டைத் திருக வேண்டும். அங்கே இந்தக் கால் வித்தை இன்னும் அதிகமாகக் கைகொடுக்கும். அந்த மாதிரிக் கார்களில் அலாய் வீலுக்கு ஒரு நீளத்திலும் இரும்பு ஸ்டெப்னிக்கு வேறு நீளத்திலும் போல்ட் கொடுத்திருக்கலாம், கைப்புத்தகத்தில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நட்டின் சரிவான அல்லது உருண்டையான முனை வீலைப் பார்த்து இருக்க வேண்டும், அதுதான் வீலை நடுவில் நிறுத்துகிறது. முதலில் எல்லா நட்டையும் விரலால் மாட்டுங்கள். மரை சரியாகப் பிடித்திருந்தால் விரலுக்கே நாலைந்து சுற்று வழவழவென்று போகும். ஆரம்பத்திலேயே முரண்டு பிடித்தால் கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம், கழற்றி மறுபடி மாட்டுங்கள், ஸ்பேனரால் பலவந்தம் செய்தால் மரை போய்விடும். அப்புறம் ஸ்பேனரை லேசாகப் பிடித்து, வீல் ஹப்போடு ஒட்டும்வரை மட்டும் இறுக்குங்கள். வரிசையாகப் பக்கத்துப் பக்கத்து நட்டை இறுக்கக் கூடாது, வீல் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிடும். நான்கு நட்டு என்றால் எதிரெதிர், ஐந்து என்றால் ஒன்று விட்டு ஒன்று, ஐந்து முனை நட்சத்திரத்தைக் கையெடுக்காமல் வரைவோமே அந்த வரிசை.

ஜாக்கியை இறக்கி டயர் தரையைத் தொட்டு நன்றாக அழுந்தியதும் முழுசாக இறுக்குங்கள், அதே நட்சத்திர வரிசையில் இரண்டு சுற்று. இப்போது கைப்பிடி வலதுபக்கம் படுக்கைவசத்தில் இருக்க, கீழே அழுத்த வேண்டும். மேலே சொன்ன கணக்கு இங்கே மறுபடி வரும்: 25 சென்டிமீட்டர் ஸ்பேனரில் 40 கிலோ அழுத்தம் போதும். அதாவது இரண்டு கையையும் நுனியில் வைத்து, மேலுடம்பின் எடையைச் சாய்த்து, அதற்கு மேல் நகரவில்லை என்கிற இடத்தில் நிறுத்திவிடுங்கள். ஏறி நிற்காதீர்கள், குழாயும் வேண்டாம், அது கழற்ற மட்டும்தான். அளவுக்கு மீறி இறுக்கினால் போல்ட் பலவீனமாகும், பிரேக் தட்டு கோணலாகும், அடுத்த தடவை நடுவழியில் இதே நட்டோடு போராடப் போவதும் நீங்கள்தான்.

மாற்றி முடித்ததும் ஸ்டெப்னியின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். மற்ற டயர்களைவிட ஒடுக்கமாக, சின்னதாக இருந்தால் அது தற்காலிக ஸ்டெப்னி. அதில் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, காற்றும் சாதாரண டயர் போல இல்லாமல் 60 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) கேட்கும். பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், வளைவில் வண்டி வேறு மாதிரி திரும்பும், மழையில் இன்னும் மெதுவாகப் போங்கள். இஞ்சினால் ஓடுகிற சக்கரத்தில் இதை மாட்டி ரொம்ப தூரம் ஓட்டினால், இரண்டு பக்கமும் டயர் அளவு வேறு வேறாக இருப்பதால் டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்து சூடாகும். வழி நீளம் என்றால், முன்சக்கரத்தால் ஓடுகிற காரில் முன்டயர் போயிருந்தால், நேரமும் நல்ல இடமும் இருக்கிற பட்சத்தில் பின்னாலிருந்து ஒரு முழு டயரை முன்னால் போட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டிக்கொள்வது நல்லது. இரண்டு தடவை ஜாக்கி போட வேண்டும், ஆனாலும் நான் அப்படித்தான் செய்வேன்.

50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு நட்டுகளை ஒருமுறை மறுபடி இறுக்கிப் பாருங்கள். புதிதாக மாட்டிய வீல் ஓட்டத்தில் கொஞ்சம் படிந்து உட்காரும், அப்போது நட்டு கால் சுற்று இடம் கொடுப்பது உண்டு.

எல்லாப் பஞ்சருக்கும் வீலைக் கழற்ற வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டியூப்லெஸ் டயரில் ஆணி குத்தியிருந்தால் அந்த ஆணியே பெரும்பாலும் அடைப்பாக இருக்கும், காற்று மெதுவாகத்தான் இறங்கும். அதைப் பிடுங்காதீர்கள். கையில் சின்ன காற்றுப் பம்ப் இருந்தால் அடித்துக்கொண்டு, வழியில் நின்று நின்று பார்த்துக்கொண்டே பஞ்சர் ஒட்டுகிறவரிடம் போய்விடலாம். ஆனால் காற்றே இல்லாமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்ட டயர் என்றால் வெளியிலிருந்து மட்டும் ஒட்டித் தருவதை ஏற்காதீர்கள், கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே கறுப்புப் பொடியாக ரப்பர் உதிர்ந்திருந்தால் பக்கவாட்டுச் சுவர் அரைபட்டுவிட்டது, அந்த டயரை மறுபடி போடக் கூடாது. பக்கவாட்டில் கிழிசலோ துளையோ இருந்தாலும் அப்படித்தான்.

உங்கள் கார் ஸ்டெப்னியே இல்லாத ரகமாக இருந்தால் டிக்கியில் ஒரு திரவப் புட்டியும் சின்ன கம்ப்ரஸரும் கொடுத்திருப்பார்கள். தரையில் படுகிற பகுதியில் விழுந்த சின்னத் துளைக்கு மட்டும்தான் அது, பக்கவாட்டுக் கிழிசலுக்கு உதவாது. புட்டியில் காலாவதி தேதி உண்டு, பாருங்கள். ரன்ஃபிளாட் டயர் என்றால் காற்றில்லாமலேயே, பொதுவாக 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தூரம் போகலாம்.

ஸ்டெப்னி ஓடாவிட்டாலும் வயதாகும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. காற்றும் சும்மா இருந்தே மாதத்துக்கு 1, 2 பிஎஸ்ஐ இறங்கும், அதனால் மற்ற நான்குக்கும் காற்றடிக்கும்போது இதற்கும் சேர்த்து அடியுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வருகிற விடுமுறை நாளில், வெளிச்சத்தில், வீட்டு வாசலில் சமதரையில் காரை நிறுத்தி ஒரு சக்கரத்தை முழுக்கக் கழற்றி மாட்டிப் பாருங்கள். முதல் தடவை ஒரு மணி நேரம்கூட ஆகும், ஆகட்டும். உங்கள் வண்டியில் ஜாக்கிக் குறி எங்கே இருக்கிறது, எந்த நட்டு முரண்டு பிடிக்கிறது, ஸ்பேனர் போதுமா, குழாய் வேண்டுமா என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். அதையெல்லாம் பார்த்துவிட்டு ஒரு ஜோடி கையுறை, தலையில் மாட்டுகிற டார்ச், பலகைத் துண்டு, சக்கரத்துக்கு இரண்டு மரக்கட்டை, குழாய் இவற்றை ஒரு பையில் போட்டு டிக்கியில் வையுங்கள். மண்டியிட காரின் கால்மிதியே போதும். மாட்டி முடித்ததும் பூட்டு நட்டின் சாவிக் குப்பி ஸ்பேனர் முனையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அதை எடுத்து அதன் இடத்தில் வைத்துவிட்டுப் பிறகு டிக்கியைச் சாத்துங்கள்.